சும்மா கிடைத்தால் மதிப்புக் குறையுமா?



ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த இராமானுசரைப் பற்றி வைணவ மரபில் ஒரு கதை வழங்கி வருகிறது. உங்களில் பலர் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். திருக்கோட்டியூரில் நம்பி என்றொரு பெரியவர் இருந்தார். மிக உயர்ந்த மந்திரம் ஒன்றின் பொருளை அவர் அறிந்திருந்தார். அதைக் கேட்டுத் தெரிந்து கொள்வதற்காக இராமானுசர் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பினார். நம்பி உடனே சொல்லிவிடவில்லை. திருப்பி அனுப்பினார். மீண்டும் போனார், மீண்டும் திருப்பி அனுப்பப்பட்டார். இப்படி ஒரு முறை, இரு முறையன்று, பதினெட்டு முறை நடந்த பின்னரே பொருள் கிடைத்தது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோட்டியூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். போக வர இருநூறு. பதினெட்டு முறைக்கு 3,600 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை கால்நடையாகப் போனதற்கு ஒப்பான தூரம் இது! இவ்வளவு பாடுபட்டுப் பெற்றதை இராமானுசர் என்ன செய்தார்? “தகுதியில்லாதவர்களுக்குச் சொல்லாதே” என்ற கட்டளையையும் மீறி, அவ்வூர்க் கோயிலின் மேலே ஏறி நின்று, கூடியிருந்த எல்லோருக்கும் உரக்கச் சொல்லிவிட்டார். ஒரு காசு வாங்கவில்லை; ஒரு காத தூரம்கூட யாரையும் நடக்க வைக்கவில்லை.

இந்தக் கதையின் சமயப் பொருளை ஆராய்வது நம் பத்திரிகையின் வேலையன்று. ஆனால் இதற்குள் ஒரு விஞ்ஞானக் கேள்வி ஒளிந்திருக்கிறது. எளிதில் கிடைத்தால் மனிதன் மதிக்க மாட்டான், ஆகவே அலைய வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது நம்பியின் கட்சி. பயன் உள்ள பொருளைச் சும்மா கொடுத்தாலும் அதன் பயன் குறையாது என்பது இராமானுசரின் கட்சி. யார் சொன்னது சரி? ஆயிரம் ஆண்டுகளாக நாம் இதை வாயால்தான் விவாதித்து வந்திருக்கிறோம். ஆனால் இது சோதித்துப் பார்க்கக் கூடிய கேள்வி. சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பேச்சு பெரும்பாலும் நம்பியின் பக்கமே சாய்கிறது. “ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான்” என்று கேலி பேசுகிறோம். இந்த ‘ஓசி’ என்ற சொல்லுக்கே ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையாகப் போகும் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் கிடையாதாம். கம்பெனிப் பணி என்பதற்கு அடையாளமாக அவற்றின் மேல் ஆங்கிலத்தில் ஓ, சி என்ற எழுத்துகள் இருக்குமாம். அதுவே ஓசி ஆயிற்றாம். இன்னொரு பழமொழி இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது: “தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே.” பல்லைப் பார்க்க ஆசை வருகிறது என்பதைத்தானே இந்தப் பழமொழியும் ஒப்புக்கொள்கிறது? காசு கொடுத்தால் நல்ல மாடு, சும்மா கொடுத்தால் கிழட்டு மாடு என்ற சந்தேகம் நமக்கு இயல்பாகவே எழுகிறது.

ஏன் எழுகிறது என்பதற்கு முதலில் காரணம் பார்ப்போம்.

நமக்குத் தரம் பார்க்கத் தெரியாத பொருள்கள் உலகில் ஏராளம். மருந்து, மாத்திரை, குடிதண்ணீர் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. அங்கே விலையையே நாம் அளவுகோலாக எடுத்துக் கொள்கிறோம். அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஒரு பரிசோதனை இதை வேடிக்கையாகக் காட்டியது. 82 பேருக்குக் கையில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு வலி மாத்திரை என்று சொல்லி ஒன்றைக் கொடுத்து, மறுபடியும் அதிர்ச்சி கொடுத்தார்கள். மாத்திரையின் விலை இரண்டரை டாலர் என்று பாதிப் பேருக்கும், பத்து சென்ட்டாகக் குறைக்கப்பட்டுவிட்டது என்று மீதிப் பேருக்கும் சொல்லப்பட்டது. முதல் கூட்டத்தில் 85 சதவிகிதம் பேர் வலி குறைந்தது என்றார்கள். இரண்டாம் கூட்டத்தில் 61 சதவிகிதம். இரண்டு கூட்டத்துக்கும் கொடுத்தது ஒரே மாத்திரைதான். அதில் மருந்தே கிடையாது!

இன்னொரு காரணம், கொடுத்த காசு நம்மை விரட்டுகிறது என்பது. அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் நாடகப் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்கு எதிர்பாராத தள்ளுபடியிலும் சீட்டுக் கொடுத்தார்கள். 1985-இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. முதல் ஐந்து நாடகங்களில், முழு விலை கொடுத்தவர்கள் சராசரியாக நான்குக்குச் சற்று மேல் பார்த்திருந்தார்கள். தள்ளுபடி பெற்றவர்கள் மூன்றே கால் அளவில் நின்றுவிட்டார்கள். காசு போய்விடுமே என்ற எண்ணம் காலை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஆனால் இந்த ஆய்வைச் சொல்பவர்கள் பலர் அதன் பின்பாதியைச் சொல்வதில்லை. பருவத்தின் இரண்டாம் பாதியில் இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. காசு கொடுத்த சூடு சில மாதங்களில் ஆறிவிட்டது என்று வைத்துக் கொள்ளலாம்.

மூன்றாவதாக வருவது இவற்றுக்கு எதிரானது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு வகைச் சாக்லெட்டுகளை வைத்தார்கள். உயர்ந்த வகை 15 சென்ட், சாதாரண வகை ஒரு சென்ட். 73 சதவிகிதம் பேர் உயர்ந்ததையே எடுத்தார்கள். பிறகு இரண்டிலும் ஒரே ஒரு சென்ட்டைக் குறைத்தார்கள். உயர்ந்தது 14 சென்ட், சாதாரணம் இலவசம். உடனே 69 சதவிகிதம் பேர் சாதாரணத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். விலை வித்தியாசம் அதே 14 சென்ட்தான். சுழியம் என்ற எண் மட்டுமே புதிதாக வந்தது. சுழியத்துக்குத் தனிக் கவர்ச்சி இருக்கிறது போலும். (இந்த ஆய்வுக்கும் முன் சொன்ன மாத்திரை ஆய்வுக்கும் பொதுவான ஓர் ஆய்வாளர் உண்டு. அவர் பங்கேற்ற வேறொரு ஆய்வு, அதன் தரவுகள் நம்பத் தக்கவையல்ல என்று தெரிய வந்ததால் 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. விஞ்ஞானத்தில் பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்காக இதையும் சொல்லி வைக்கிறேன். 82 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள்.)

ஆக, ஆய்வுக்கூடத்தில் கிடைத்த செய்திகள் இரு பக்கமும் இழுக்கின்றன. ஆனால் சாக்லெட் விஷயம் உயிர் போகிற விஷயமன்று. உயிர் போகிற விஷயத்தில் என்ன நடக்கிறது?

ஆப்பிரிக்காவில் மலேரியாவால் குழந்தைகள் மாண்டுகொண்டிருந்தார்கள். பூச்சிக்கொல்லி தோய்த்த கொசு வலையைக் கட்டிப் படுத்தால் காப்பாற்றலாம். வலையைச் சும்மா கொடுப்பதா, சிறிதாவது விலை வைப்பதா என்று உலகம் முழுவதும் பெரிய சண்டை நடந்தது. “சும்மா கொடுத்தால் வலையை மீன் பிடிக்கக் கொண்டு போவார்கள், கொஞ்சமாவது காசு வாங்கினால்தான் மதித்துக் கட்டிக் கொள்வார்கள்” என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது, இல்லையா? நம்பியின் கட்சிதான் இது.

ஜெசிக்கா கோஹென், பாஸ்கலின் துய்பாஸ் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் கென்யாவில் இதைச் சோதித்தார்கள். கர்ப்பிணிகள் வரும் மருத்துவ நிலையங்களில், குலுக்கல் முறையில் சில இடங்களில் வலையை இலவசமாகவும், சில இடங்களில் வெவ்வேறு சிறு விலைக்கும் கொடுக்கச் செய்தார்கள். மிக உயர்ந்த விலையே 40 ஷில்லிங்தான். அன்றைய கணக்கில் 60 அமெரிக்க சென்ட். வலையின் அடக்க விலையில் இது மிகச் சிறிய பங்கு. பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் வீடு வீடாகப் போய், வலை படுக்கைக்கு மேலே தொங்குகிறதா என்று பார்த்தார்கள். 2010-இல் வெளியான முடிவு இது: சும்மா பெற்றவர்களும் காசு கொடுத்தவர்களும் ஒரே அளவில்தான் வலையைக் கட்டிப் படுத்திருந்தார்கள். மீன் பிடிக்கப் போகவில்லை. ஆனால் விலை 40 ஷில்லிங் ஆனதும் வலை பெற்றவர்களின் விகிதம் 60 சதவிகிதப் புள்ளிகள் சரிந்துவிட்டது. மதிப்பை உயர்த்துவதற்கென்று வைத்த அந்தச் சிறு விலை, மதிப்பை உயர்த்தவில்லை. ஏழைத் தாய்மாரை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. பதினெட்டு முறை நடப்பதற்கு எல்லோருக்கும் இராமானுசரின் கால்கள் இருப்பதில்லை.

“சரி, ஒரு முறை சும்மா வாங்கிப் பழகியவன் அடுத்த முறை காசு கொடுப்பானா?” என்று நீங்கள் கேட்கலாம். அதையும் துய்பாஸ் அம்மையார் கென்யாவிலேயே பின்னர் சோதித்தார். முதலில் இலவசமாகவோ மிக மலிவாகவோ வலை பெற்றவர்கள், ஓராண்டு கழித்து இரண்டாவது வலையை விலைக்குக் கொடுத்தபோது, மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வாங்க முன்வந்தார்கள். பயன்படுத்திப் பார்த்து அதன் அருமையை உணர்ந்துவிட்டார்கள். சும்மா கிடைத்தது சோம்பேறித்தனத்தைக் கற்றுக் கொடுக்கவில்லை; அனுபவத்தைக் கற்றுக் கொடுத்தது.

ஸாம்பியாவின் தலைநகரான லுஸாகாவில் நடந்த இன்னொரு பரிசோதனை இதைவிட நுட்பமானது. பரிசோதனையை எப்படி அமைப்பது என்று கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர்கள் இதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். காசு கொடுத்தவர்கள் ஒரு பொருளை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். காசு கொடுத்ததாலேயே மதிப்பு வந்திருக்கலாம். அல்லது, முன்பே மதிப்பு இருந்தவர்கள் மட்டுமே காசு கொடுக்க முன்வந்திருக்கலாம். இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

ஏறத்தாழ ஆயிரம் வீடுகளுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் குளோரின் கரைசலை எடுத்துப் போனார்கள். வீட்டுக்கு வீடு வேறு விலை சொன்னார்கள். “சரி, வாங்கிக் கொள்கிறேன்” என்று காசை எடுத்தவர்களிடம், “உங்களுக்குக் குலுக்கலில் தள்ளுபடி கிடைத்திருக்கிறது” என்று சொல்லிச் சிலரிடம் குறைத்து வாங்கினார்கள். சிலருக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார்கள். இப்போது ஒரே விலைக்குச் சம்மதித்தவர்களில் ஒருவர் காசு கொடுத்திருக்கிறார், மற்றவர் கொடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போய், குடத்துத் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று இரசாயனச் சோதனை செய்தார்கள். வாயால் சொல்வதை நம்பவில்லை; தண்ணீரையே சாட்சி சொல்ல வைத்தார்கள். அதிக விலைக்குச் சம்மதித்தவர்கள் வீட்டில் குளோரின் அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் சம்மதித்தவர்களுக்குள்ளே, காசு கொடுத்தவருக்கும் சும்மா பெற்றவருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதாவது விலை என்பது மதிப்பை உண்டாக்கவில்லை. மதிப்பு உள்ளவர்களைப் பொறுக்கி எடுத்தது. சல்லடை மாவை வெண்மையாக்குவதில்லை அல்லவா? அது போலத்தான்.

இனி ஊருக்குத் திரும்புவோம். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு மாலை வேளையில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். திருச்சியில் தனியார் நகரப் பேருந்துகளும் நிறைய ஓடுகின்றன. அவற்றில் டிக்கெட் எடுக்க வேண்டும். ஸ்ரீரங்கம் போகும் தனியார் பேருந்து வந்து நின்று, இடமும் இருந்து, புறப்பட்டுப் போகும். பூக்கூடையுடன் நிற்கும் அம்மாள் ஏற மாட்டார். அரசுப் பேருந்துக்காகக் காத்திருப்பார். அவர் சும்மா போகிறார் என்று நாம் சொல்கிறோம். இருபது நிமிஷம் கால் கடுக்க நிற்கிறாரே, அது விலையில்லையா? நேரமும் ஒரு நாணயந்தான். கையில் வேறு நாணயம் இல்லாதவர்கள் அதைத்தான் செலவழிக்கிறார்கள். அப்படி ஏறியவரைப் பார்த்து “ஓசி டிக்கெட்” என்று யாராவது முணுமுணுத்தால், அங்கே குறைந்து போவது பேருந்தின் மதிப்பா, வேறு எதுவுமா என்று யோசியுங்கள்.

இந்த இடத்தில்தான் என் சொந்தக் கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத் திருச்சியை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஏனென்றால் தமிழ்நாட்டின் மிகப் பெரிய இலவசம் ஒன்று இங்கேதான் தொடங்கியது. 1982 ஜூலை முதல் தேதி, திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில், அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் கிராமப்புறத்துக் குழந்தைகளுக்கு; அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும்; 1984-இல் பதினைந்து வயது வரையிலான மாணவர்களுக்கும் விரிந்தது. இதற்கு முன்னோடிகள் உண்டு. 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு கொடுத்துப் பார்த்தார்கள். 1956-இல் காமராசர் காலத்தில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவியது. 2001-இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் பள்ளியில் சமைத்த உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டது. 2022 முதல் தமிழ்நாட்டில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்துகொண்டது.

நான் படித்த பள்ளியிலும் சத்துணவு உண்டு. மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். டிபன் பாக்ஸ் கொண்டு வந்தவர்கள் வேப்பமரத்தடிக்குப் போவோம். தட்டுக் கொண்டு வந்தவர்கள் சமையல் கூடத்துக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் தன் அலுமினியத் தட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டுதான் வெளியே போவான். நாங்கள் பார்க்கக் கூடாது என்பதற்காக. ஆனால் தட்டின் விளிம்பு சட்டையில் வட்டமாகத் தெரியும். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். நான் சிரித்ததை இன்று வரை மறக்க முடியவில்லை. சில நாள் அவன் வரிசைக்குப் போகாமல் குழாயில் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவான். அந்தச் சோறு வேகாத சோறா? இல்லை. அந்தச் சாம்பாரில் பருப்பு இல்லையா? இருந்தது, வாசனை எங்கள் மரத்தடி வரை வரும். சோற்றின் மதிப்பைக் குறைத்தது அதன் விலையில்லாமை அன்று. நாங்கள்தான்.

இப்போது காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் கோயிலுக்கு வாருங்கள். 2012 செப்டம்பர் முதல் அங்கே நாள் முழுவதும் அன்னதானம் நடைபெறுகிறது. காரில் வந்தவரும் சாப்பிடுகிறார், நடந்து வந்தவரும் சாப்பிடுகிறார். யாரும் தட்டைச் சட்டைக்குள் ஒளிப்பதில்லை. ஒரு கவளம் கிடைத்ததைப் பாக்கியம் என்று ஊருக்குப் போய்ச் சொல்கிறார்கள். இங்கேயும் விலை சுழியந்தான். அரிசியும் பருப்பும் அதே அரிசி பருப்புதான். ஒன்று பிரசாதம் ஆகிறது. மற்றொன்று ஓசிச் சோறு ஆகிறது. பக்தி ஒரு காரணம் என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பந்தியில் எல்லோரும் உட்காருகிறார்கள் என்பதும் ஒரு காரணம். ‘இது இல்லாதவனுக்கு’ என்ற முத்திரை அங்கே இல்லை.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் நியூயார்க் நகரில், முன்பெல்லாம் ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளி உணவு இலவசம். மற்றவர்கள் காசு கொடுக்க வேண்டும். படிப்படியாகச் சில பள்ளிகளிலும், 2017-இல் நகரம் முழுவதிலும், எல்லோருக்கும் இலவசம் என்று மாற்றினார்கள். ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, இப்படி மாறிய பள்ளிகளில் புதிதாகச் சலுகை பெற்ற பிள்ளைகள் மட்டுமன்றி, முன்பே இலவசத்துக்குத் தகுதி இருந்த ஏழைப் பிள்ளைகளும் கூடுதலாகச் சாப்பிட வந்திருந்தார்கள். அவர்களுக்கு விலையில் எந்த மாற்றமும் இல்லை; முன்பும் சுழியம், பின்பும் சுழியம். மாறியது பக்கத்து வீட்டுப் பையனின் பார்வை மட்டுமே.

சோற்றின் உண்மையான மதிப்பு எங்கே தெரியும் என்று கேட்டால், அடுத்த தலைமுறையின் உயரத்தில் தெரியும் என்பதே விடை. 2021-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ என்ற ஆய்விதழில் இந்தியாவைப் பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. சிறுமிகளாகப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டவர்கள் வளர்ந்து தாயானபோது, அவர்களுடைய குழந்தைகள், அந்த வாய்ப்பு இல்லாத தாய்மாரின் குழந்தைகளைவிட வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்தார்கள். அளவுகோலில் அளந்த உண்மை இது. தட்டை வாங்கிய சிறுமிக்கோ பரிமாறிய ஆயாவுக்கோ அன்று இது தெரிந்திருக்க வழியில்லை.

அப்படியானால் எதையும் சும்மா கொடுத்துவிடலாமா? கூடாது. இராமானுசர் கட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைக் காட்ட நமக்குக் காவிரியே துணை.

1776-இல் ஆடம் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் ஒரு புதிரைப் போட்டார். தண்ணீர் இல்லாமல் உயிர் வாழ முடியாது. அதன் விலையோ அற்பம். வைரம் இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அதன் விலையோ மலை. ஏன்? சரியான விடை வர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. 1870-களில் ஜெவன்ஸ், மெங்கர், வால்ரா என்ற மூவர் வெவ்வேறு நாட்டில் இருந்துகொண்டு ஏறத்தாழ ஒரே விடையைக் கண்டார்கள். ஒரு பொருளின் விலையை நிர்ணயிப்பது அதன் மொத்தப் பயனன்று. கடைசியாகச் சேரும் துளியின் பயன். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்றால் ஒரு செம்புத் தண்ணீர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? அதே இடத்தில் ஆறு வறண்டு மணலாய்க் கிடக்கும் சித்திரையில், மணலைத் தோண்டி ஊறும் முதல் செம்புக்கு விலை சொல்ல முடியுமா?

இப்போது கவனியுங்கள். கொசு வலையும் மதியச் சோறும் ஒரு வகை. ஒருவர் ஒரு வலையைத்தான் கட்டிக் கொள்வார். எவ்வளவு சும்மா கிடைத்தாலும் வயிறு ஒன்றுதான். தண்ணீரும் மின்சாரமும் வேறு வகை. திறந்துவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். இவற்றுக்கு விலை சுழியம் என்றால், கடைசித் துளியின் பயன் சுழியத்தைத் தொடும் வரை நாம் எடுப்போம். தமிழ்நாட்டில் 1980-களில் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம் ஆயிற்று. கடன் சுமையில் இருந்த விவசாயிக்கு அது பெரிய உதவி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துறையூர், மணப்பாறைப் பக்கத்துக் கிணற்றுப் பாசனக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். மின்சாரம் வந்ததும் தானே ஓடத் தொடங்கும் ஸ்டார்ட்டரைப் பலர் மோட்டாரில் பொருத்தியிருக்கிறார்கள். வயலுக்கு வேண்டுமோ வேண்டாமோ, தண்ணீர் மேலே வந்துகொண்டிருக்கும். நீர்மட்டம் கீழே போகப் போக, கிணற்றை ஆழப்படுத்தவும் ஆழ்துளை போடவும் கடன் வாங்க வேண்டும். மின்சாரத்துக்குக் கொடுக்காத காசை ஆழ்துளை போடும் வண்டிக்குக் கொடுக்கிறார்கள். இங்கே சும்மா என்பது உண்மையிலேயே மதிப்பைத் தின்றுவிடுகிறது.

வீடுகளுக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை மின்சாரம் இலவசமாகக் கொடுக்கிறார்களே, அது எவ்வளவோ தேவலை. அதில் மீட்டர் இருக்கிறது. நூறு தாண்டினால் கணக்கு ஏறும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பம்புசெட்டுக்கும் இப்படி ஓர் அளவுவரை இலவசம், அதற்கு மேல் கட்டணம் என்று வைத்தால் என்ன என்பது என் யோசனை. விவசாயிகள் எதிர்ப்பார்கள் என்பதும், அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது என்பதும் தெரிந்தே சொல்கிறேன்.

2011-க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு ‘இலவச’ என்ற சொல்லைத் தள்ளிவிட்டு ‘விலையில்லா’ என்று எழுதத் தொடங்கியது. விலையில்லா மிதிவண்டி, விலையில்லா மடிக்கணினி. பலர் இதைக் கேலி செய்தார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. தமிழில் விலையில்லாதது என்றால் காசில்லாதது என்றும் பொருள். விலை மதிக்க முடியாதது என்றும் பொருள். ஆஸ்பத்திரியில் ஏற்றும் இரத்தத்தை நினைத்துக் கொள்ளுங்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி 1998 முதல் இந்தியாவில் காசுக்கு இரத்தம் விற்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. சும்மா கொடுத்த இரத்தம் என்று யாராவது அதைத் துச்சமாக நினைப்பார்களா?

இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு ஒரு பரிசோதனை சொல்கிறேன். சித்திரை மாதத்தில் ஸ்ரீரங்கத்தில் தேர் ஓடும்போது வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். உங்கள் பள்ளி ஆண்டுவிழாவிலோ விளையாட்டுப் போட்டியிலோ நீங்களும் ஒரு பந்தல் போடலாம். ஒரே பானையில் மோரைக் கலக்கி இரண்டு பானைகளில் ஊற்றுங்கள். ஒரு பானைக்கு ‘இலவசம்’ என்றும், மற்றொன்றுக்கு ‘தம்ளர் ஐந்து ரூபாய்’ என்றும் அட்டை மாட்டுங்கள். யார் எந்தப் பானைக்குப் போவது என்பதை அவர்களே தீர்மானிக்க விடாதீர்கள். சீட்டுக் குலுக்கி அனுப்புங்கள். இல்லாவிட்டால் லுஸாகாவில் கண்ட அதே சிக்கல் வந்துவிடும். ஐந்து ரூபாய்ப் பானைக்கு வந்து காசை நீட்டுபவர்களில் பாதிப் பேருக்குக் குலுக்கலில் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குடித்த பிறகு ருசிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேளுங்கள். மீதம் வைத்த மோரை அளந்து மில்லிலிட்டரில் குறியுங்கள். வாயைவிடத் தம்ளர் உண்மை பேசும். வசூலான காசை எல்லாம் முடிந்த பின் அவரவரிடம் திருப்பிக் கொடுத்து, நடந்தது பரிசோதனை என்று சொல்லிவிட வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஒரு முறையும் பகல் ஒரு மணிக்கு ஒரு முறையும் செய்து பாருங்கள். எத்தனை பேர், என்ன வெயில், உப்பு எவ்வளவு போட்டீர்கள் என்ற விவரங்களையும் மறக்காமல் எழுதி அனுப்புங்கள்.